வாசலைப் பார்க்கும் கதிரை

விரல்களில் இன்னும் மெசின் எண்ணெய் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத இருந்தேன். நக ஓரங்களில் அது போகவில்லை. மேசையில் நீ பூட்டிய கண்ணாடிகளில் ஒன்று கிடக்கிறது. மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி. தண்டில் துரு ஏறிவிட்டது. கொஞ்சம் சரித்து வைத்தால் என் தோளுக்குப் பின்னால் இருக்கும் கதவு அதில் சின்னதாகத் தெரிகிறது. இன்றைக்கு எங்கள் தையல்கூடத்து மெசின்களில் இருந்து இவை எல்லாவற்றையும் நானே கழற்றினேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. உனக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை இப்போதும் இருக்கிறது. வாசலைப் பார்க்கும் கதிரையில் யார் இருப்பது என்று அங்கே நாங்கள் பிடுங்குப்பட்டது கொஞ்சமா?

"எடி, போன முறை நீதானே இருந்தனீ. இண்டைக்கு என்ர முறை."

"நீ இடியப்பத்தைப் பாப்பியோ, வாசலைப் பாப்பியோ? தள்ளு."

கடைக்காரருக்கு நாங்கள் இரண்டு பைத்தியங்கள். போர்க்காலத்தில் ஊர் ஊராக ஓடி வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு, முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் சோறு இறங்காது. அதை நாங்கள் ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தியதே இல்லை. ஆனால் நான் களைத்துப்போய் வந்த நாட்களில் நீ சண்டை பிடிக்க மாட்டாய். அந்தக் கதிரையில் நீயே இருந்துகொண்டு, என்னை எதிரே இருத்தி, "நான் பாக்கிறன். நீ சாப்பிடு" என்பாய். அப்படிச் சாப்பிட்ட நாட்களில்தான் எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது.

மனிதர்களின் கைக்கும் கண்ணுக்கும் மனதுக்கும் ஏற்றமாதிரி இயந்திரங்களையும் வேலையிடங்களையும் அமைப்பதைப் பற்றி நீ கொழும்பில் படித்துவிட்டு வந்தபோது, அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. "கதிரை போடுறதுக்கும் படிப்போ?" என்று கேட்டேன். "கதிரையில இருக்கிற ஆளைப் பாக்கிறதுக்கு" என்றாய்.

அப்போது எங்கள் தையல்கூடம் புதுக்குடியிருப்பில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் இருந்தது. ஒரே ஒரு வாசல். மின்சாரப் பிளக்குகள் சுவரில் இருந்ததால் மெசின்களும் சுவரைப் பார்த்தே இருந்தன. பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தோம். தையல் நேராக ஓடி வந்து திடீரென்று ஓரிடத்தில் கோணிப்போகும். பிரித்துத் தைப்பதிலேயே பாதிப் பொழுது போனது. பெண்கள் கதைத்துக்கொண்டு தைப்பதால்தான் பிழைக்கிறது என்று முதலாளி நினைத்தார். மேற்பார்வை செய்த நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்து ஒருமுறை பார் என்று உன்னைக் கூப்பிட்டேன்.

நீ கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மலையகத்திலிருந்து வந்து எங்களோடு தைத்த ராசாத்தி அக்காவை எழுப்பிவிட்டு அவரின் மெசினில் போய் இருந்தாய். இருந்தாய், இருந்தாய், எழும்பவே இல்லை. முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, நீங்கள் பாக்க வந்தனீங்களோ, தைக்க வந்தனீங்களோ?"

"முதல்ல இருக்க வந்தனான் அண்ணை."

பின்னேரம் கழுத்தைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாய். "எடி, படலை திறக்கிற சத்தம் கேட்டா அவ்வளவு பேரும் திரும்பிப் பாக்கினம். கை மெசினில, கண் வாசலில. தையல் கோணாமல் என்ன செய்யும்? நானும் திரும்பிக்கொண்டுதான் இருந்தனான். என்ர கழுத்தே நோகுது."

சாப்பாட்டுக்கடையில் கதிரைக்குச் சண்டை பிடிக்கிற நான், நாள் முழுக்க அந்தப் பெண்களை வாசலுக்கு முதுகு காட்டி இருத்தி வைத்திருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. என் மேசை வாசலைப் பார்த்தபடி இருந்தது.

மெசின்களைத் திருப்ப வேண்டுமென்றால் வயர் எல்லாம் மாற்ற வேண்டும். முதலாளி மாட்டேன் என்றார். அடுத்த நாள் நீ மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச்சுக்குப் போய்ப் பக்கக் கண்ணாடிகளை ஒரு உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்தாய். "தங்கச்சி, எத்தினை மோட்டச்சைக்கிள் ஓடுறியள்?" என்று கராச்காரர் கேட்டாராம். முதல் நாள் பூட்டியதில் வெயில் பட்டுத் தெறித்து எல்லாருக்கும் கண் கூசியது. "பிழைச்சுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொருவரின் உயரத்துக்கும் பார்த்து, வாசல் தெரியும்படி திரும்பப் பூட்டினாய். ராசாத்தி அக்கா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி நம்ம மெசின் கண்டி ரோட்டுல ஓடும் புள்ள" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. தலைகள் திரும்புவது மெல்ல மெல்ல நின்றது. தையலும் நேரானது.

நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் கட்டில் சுவர்ப்பக்கம் பார்த்திருந்தது. திருப்ப இடமில்லை என்றார்கள். நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உனக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி இருந்தேன். "கண்ணாடி ஒண்டு கொண்டு வாறன்" என்றேன். "வேண்டாமடி. நான் கொஞ்சம் கண்ணை மூடப்போறன். நீ பார்" என்றாய். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாசலால் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். நீதான் எழும்பவில்லை.

இந்த வருடம் நாங்கள் புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டோம். பெரிய மண்டபம், நிறைய யன்னல், எனக்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறை. உன் கண்ணாடிகளோடு வந்த மெசின்கள் வரிசை வரிசையாக, மறுபடியும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒவ்வொரு மெசினிலும் ஒரு சின்னத் திரை பூட்டப்போகிறோம் என்று முதலாளியின் மகன் வந்து சொன்னார். எத்தனை துண்டு தைத்தாயிற்று என்பதை அது காட்டுமாம்.

"கண்ணாடி இருக்கிற இடத்திலதான் அக்கா திரை வரும். அதுகளைக் கழட்டுவம்."

"அது கழட்டேலாது தம்பி" என்றேன்.

"ஏன் அக்கா?"

உன் கை பட்டது என்று இந்தப் பூமியில் எனக்கு மிச்சமாக இருந்தவை அவைதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? இவர்கள் வாசலைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் கோணும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு மெசினில் மட்டும் திரையைப் பூட்டிப் பார்ப்போம் என்று அவர் டிலக்சியின் கண்ணாடியைக் கழற்றினார். அவள் பாடசாலை முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. கழற்றியதற்கு அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குக் கோபமாகவே இருந்தது.

"உனக்கு அது வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"பொட்டுச் சரியோ எண்டு பாக்கிறதுக்கு நல்லம் அக்கா. வேற எனக்கு அதில என்ன?"

நான் அங்கேயே நின்றேன். அவள் பின்னால் படலை திறந்தது, ஒரு லொறி வந்து நின்றது. அவள் திரும்பவே இல்லை. அவளுக்கு அந்தப் பயம் இல்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் நான், கண்ணாடிக்காக அவளோடு கோபித்துக்கொண்டு நிற்கிறேன். உன் குரல் கேட்டது: கதிரையில இருக்கிற ஆளைப் பாக்கிறதுக்கு.

அவளை எழுப்பிவிட்டு அவளின் இடத்தில் இருந்தேன். உன்னைப்போல நெடுநேரம். முதுகில் வாசல் குறுகுறுத்தது. அது என்னுடைய பாடு. அவளுடையது என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. தைப்பதில் கொஞ்சம் பிந்தியதும் திரையில் இலக்கம் சிவப்பாக மினுங்கத் தொடங்கியது. என் தையல் கோணியது. பக்கத்தில் நின்ற டிலக்சி மெதுவாகச் சொன்னாள்: "அது மினுங்கினா எனக்கு நெஞ்சு இடிக்குது அக்கா. ஊசியைப் பாக்காமல் அதைத்தான் பாக்கிறன்."

கை மெசினில், கண் வேறொரு இடத்தில்.

முதலாளியின் மகனோடு இந்த முறை வேறு சண்டை பிடித்தேன். அவரையும் அந்தக் கதிரையில் இருத்தினேன். நெளிந்து நெளிந்து இருந்துவிட்டு, "ஓம் அக்கா, இது கரைச்சல்தான்" என்றார். இப்போது திரை தானாக மினுங்காது. தைப்பவர் விரும்பி அழுத்தினால் மட்டும் இலக்கத்தைக் காட்டும். அதன்பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். இளம் பிள்ளைகள் யாரும் கண்ணாடி வேண்டும் என்று சொல்லவில்லை. பழையவர்கள் சிலர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்கள். ராசாத்தி அக்கா மட்டும், "கழட்டு புள்ள. நீ எத்தன நாளைக்குத்தான் அத தொடச்சிக்கிட்டு இருப்ப?" என்றார். நான் துடைப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

இன்று காலை கழற்றி முடித்தேன். ராசாத்தி அக்கா தைக்க இருந்தார். வெளியே படலை கிறீச்சிட்டது. வெறும் இடத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு கழுத்தைத் திருப்பினார். அவரோடு இன்னும் நாலைந்து தலைகள்.

மத்தியானம் என் மேசையை அந்த அறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து மண்டபத்தின் முன்பக்கத்தில் போட்டேன். அங்கே இருந்தால் எல்லாரும் என்னைப் பார்க்கலாம். நான் வாசலைப் பார்க்கலாம். "என்ன அக்கா, பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி" என்று டிலக்சி சிரித்தாள். மேசையை இழுத்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. படலை மறுபடியும் திறந்தது. ராசாத்தி அக்காவின் தோள் அசைந்தது.

"நான் பாக்கிறன் அக்கா" என்றேன். "நீங்கள் தையுங்கோ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்தார். மெசின் ஓடத் தொடங்கியது.