வளையலைத் தொட்ட சம்மட்டி

என்னங்க,

இன்று காலை பேரனின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளித்தேன். சூடான இரும்பிலிருந்து ஆவி சீறி எழுந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. சென்னைத் தொழிற்சாலையிலிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை அது. காக்கிச் சட்டையை எத்தனை முறை அலசினாலும் போகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மரக்காணத்துக்குப் பெண் பார்க்க வந்தீர்கள். உப்பளத்திலிருந்து நேராக வந்த அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை.

"பட்டணத்துல வேலைன்னா இவ்ளோ கர்வமா?" என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

"எடுத்துக்குங்க" என்று நான் காபி தந்தபோது நீங்கள் என் உதட்டையே பார்த்தீர்கள். பிறகு எல்லார் எதிரிலும் சொன்னீர்கள்: "ஸ்டீம் ஹேமர் ஓட்டறேங்க. அந்தச் சத்தத்துல காது பாதி போயிடுச்சு. மீதியும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மறைச்சுக் கட்டிக்கிட்டா தப்புங்க."

அம்மா வேண்டாம் என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "உண்மைய சொல்றாரேப்பா, போதும்" என்றேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

ஆயுத பூஜையன்று தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். நீங்கள் ஓட்டிய நீராவிச் சம்மட்டியை அன்றுதான் பார்த்தேன். கூரையைத் தொடுகிற மாதிரி நின்றது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை மாவு போலத் தட்டையாக்கும் என்றார்கள். எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது.

"வளையல் ஒண்ணு குடு" என்றீர்கள். கண்ணாடி வளையலைக் கழற்றித் தந்தேன். அதை இரும்பு மேடையில் வைத்துவிட்டுக் கைப்பிடியை மெல்ல அசைத்தீர்கள். அவ்வளவு பெரிய இரும்பு ஆவியோடு இறங்கிவந்து வளையலைத் தொட்டு நின்றது. உடையவில்லை.

"அடிக்கறது யார் வேணா அடிக்கலாம். நிறுத்தறதுதான் வேலை" என்று சொல்லி, வளையலை நீங்களே என் கையில் போட்டுவிட்டீர்கள்.

மகள் பிறந்த வருஷம் மீதிக் காதும் போனது. வேலையை விட்டுவிட்டு மரக்காணத்துக்கே வந்தோம். காலையில் நான், வெயில் சாய்ந்ததும் நீங்கள் என்று மாறி மாறி உப்பு வாரப் போனோம்.

"புள்ள அழுதா இவருக்கு எப்படிடி தெரியும்?" என்று அம்மா பயந்தாள். அவள் உதட்டைப் படித்த நீங்கள் ஒரு கயிற்றை எடுத்துவந்தீர்கள். ஒரு முனையைத் தூளியிலும் மறுமுனையை உங்கள் மணிக்கட்டிலும் கட்டினீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் நாள் பாதி வேலையில், உப்பு ஒட்டிய காலோடு ஓடிவந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தீர்கள்.

"இப்பதான் எழுந்தா. உதைச்சா, கை இழுத்துச்சு."

மகள் முதன்முதலாக "ப்பா" என்றதை உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். நான் அடுப்படியில் ஏதோ உளறல் என்று நினைத்திருந்தேன். "என்னைக் கூப்பிடறா, வந்து பாரு" என்று உள்ளே ஓடிவந்தீர்கள்.

உங்களோடு வாழ்ந்த வாழ்க்கையில் யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடும் பழக்கமே எனக்கு விட்டுப்போனது. நீங்கள் இல்லாத இப்போதும் மருமகன்மேல் கோபம் வந்தால், எழுந்துபோய் எதிரில் நின்று முகம் பார்த்துத்தான் பேசுகிறேன். போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. மீதியைச் சொன்னால் அவரும் சிரித்துவிடுகிறார்.