ஒரே பசைத் தட்டு

அக்கா,

இன்று காலை திருத்தங்கல் பிரஸ்ஸில் பசை காய்ச்சினார்கள். மாதக் காலண்டர் ஆர்டர் நெருக்குகிறது. அட்டை ஒட்ட ஆள் பற்றாமல், பில் போடும் என்னையும் வந்து உட்காரச் சொன்னார்கள். வெந்த மைதாவோடு துத்தம் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். அட்டை விளிம்பு கிழித்த விரலைப் பசைக்குள் வைத்தேன். சுரீரென்று எரிந்தது. சட்டென்று கையை இழுத்துத் துப்பட்டாவில் துடைத்தேன். எதற்காக அப்படித் துடைத்தேன் என்று யோசித்ததும் கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

நான் காலேஜ் முடித்து வேலை தேடிச் சலித்த வருடம் அது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டச் சேர்ந்தேன்; அங்கேதான் நீ பழக்கமானாய். நீ, நான், பேச்சியம்மா மதினி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு அலுமினியத் தட்டில் பசை. பூச்சியும் எலியும் தின்னாமல் இருக்க அதில் துத்தம் போடுவார்கள். காகிதம் கிழித்த விரலில் அது பட்டால் எரியும். சேர்ந்த அன்றே எல்லோரும் தெரிந்துகொள்ளும் சங்கதி. உனக்கு எரிந்தால் மட்டும் முதலாளியின் முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவாய். ஷெட்டே சிரிக்கும். பேச்சியம்மா மதினிதான் எல்லோருக்கும் மேலே சிரிப்பாள்.

உனக்கு எச்.ஐ.வி. இருப்பது ஊருக்குத் தெரியுமுன்பே எனக்குத் தெரியும்; நீயே ஒருநாள் பஸ்ஸில் சொன்னாய். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மாதாமாதம் விருதுநகர் போய் மாத்திரை வாங்கி வந்தாய், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டாய், எங்களைவிட வேகமாகக் குழாய் சுருட்டினாய். ஆஸ்பத்திரி வரிசையில் உன்னைப் பார்த்த உன் சொந்தக்காரி ஒருத்தி, ஊருக்கு வந்ததும் வாயைத் திறந்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே அதே பசை வேறு மாதிரி எரிய ஆரம்பித்தது.

“எரியுதுடி! இத்தன வருசத்துல இப்பிடி எரிஞ்சதே இல்ல. உள்ள போகுதுடி!” என்று பேச்சியம்மா மதினி விரலைத் தூக்கிப் பிடித்தாள்.

“அது துத்தம் மதினி” என்றேன்.

“எனக்குத் துத்தம் தெரியாதா? இது வேற எரிச்சல்.”

போனில் தேடி எடுத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. மதினி கேட்டாள்: “இந்தப் போன்லதான வெங்காயத்த அரச்சுத் தேச்சா முடி வளரும்னு போட்டிருந்தான்? வளந்துச்சா ஒனக்கு?” சிரித்தார்கள். உன்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

வாசித்துக் காட்டிய எனக்கே வீட்டுக்குப் போனதும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் உன்னிடமே கேட்டேன், நிஜமாகவே பசையில் வராதா என்று.

“வரும்னா எம் மவளுக்குல்ல மொத வரணும்? நான் கடிச்ச பண்டத்தப் புடுங்கித் திங்கிறா. அவளுக்கு டெஸ்ட் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல” என்றாய். அப்புறம், “எனக்கு இருக்கது கிருமி புள்ள. பல்லி இல்ல, தட்டுல விழுந்து கெடக்க.”

நான் நம்பினேன். நம்பிய பிறகும் பயம் போகவில்லை. இரண்டும் எப்படி ஒரே உடம்புக்குள் இருக்கின்றன என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

பெண்கள் உன் தட்டை மட்டும் தனியாக வைக்கச் சொன்னார்கள். தனித் தட்டு வந்தது. பிறகு அதைக் கழுவும் தொட்டியில் கையை விட மாட்டோம் என்றார்கள். சீசன் நேரம், வேலை நின்றால் லோடு நிற்கும். போர்மேன் உன்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை.

“தாயி, ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். மருந்து செலுத்துற ரூமுக்குப் போயிரு. அங்க ஈரமே கெடையாது. ஒருத்தர் கை பட்டது இன்னொருத்தர் கையில படாது. யாருக்கும் ஒரு பயமும் இல்ல.”

வெடிமருந்து அறையைப் பற்றித்தான் இப்படிச் சொன்னார். அங்கே நின்ற ஒருவருக்கும் அது விநோதமாகப் படவில்லை. உராய்ந்தால் ஆளைத் தூக்கிப் போடும் சாமானோடு பிறந்து வளர்ந்த ஊர் இது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவோம், தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவோம். மைதாப் பசையைப் பார்த்து நடுங்கினோம்.

நீ மறுத்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நீயோ சிரித்தபடி கிளம்பினாய். “கூலி கூடத்தான புள்ள. அங்க ஒருத்தரும் எங் கையவே பாத்துக்கிட்டு இருக்க மாட்டாக.” அது சந்தோஷமா, வெறுத்துப்போன பேச்சா? எத்தனையோ முறை அந்த முகத்தை நினைத்துப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை.

கோடையில் ஒரு மதியம் அந்த அறை வெடித்தது.

நாங்கள் எல்லோரும் வெளியே பார்த்து ஓடினோம். பேச்சியம்மா மதினி மட்டும் உள்ளே பார்த்து ஓடினாள். சூடு தணியாத கூரை ஓடுகளை வெறுங்கையால் புரட்டி உன்னை இழுத்து வந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஒழுகியதை முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். “கண்ண மூடாத தாயி, ஒன்னைய விட மாட்டேன்” என்றாள். சிவகாசி போய்ச் சேருமுன் நீ போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் மதினி கையில் கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“கையெல்லாம் அவ ரத்தம்டி. தூக்கும்போது ஒண்ணுமே தோணல. இப்பத்தான் அந்த நெனப்பு வருது. வருமா?”

எனக்கு அறையத் தோன்றியது. காலில் விழவும் தோன்றியது. அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கை வெந்து புண்ணாக இருந்ததால் டாக்டர் ஒரு மாதத்துக்கு தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார். நீ ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதால் உன் ரத்தத்தில் கிருமி அடங்கியே இருந்திருக்கும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். மாத்திரையை அவள் விடாமல் விழுங்கினாள். சில மாதம் கழித்துக் கடைசியாகப் பார்த்த டெஸ்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது.

அந்த டெஸ்ட் முடிவை வாங்கித் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாத்தூர் வந்ததும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். உன் மகள் இப்போது அந்த ஊரில்தான், உன் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஊர் தாண்டிய பிறகுதான் மதினி மெதுவாகச் சொன்னாள்:

“ரத்தத்துலயே வரலையேடி. அப்ப அந்தப் பசையில…”

இத்தனை மாதம் சேர்த்துவைத்த ஏச்செல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. உன்னை அந்த அறைக்கு அனுப்பிய கை இதுதான். உன்னை அதிலிருந்து இழுத்து வந்த கையும் இதுதான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி, நிமிர்த்த முடியாமல் அவள் மடியில் கிடந்தன.

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன் அக்கா. மன்னித்தேன் என்று சொல்ல முடியாது. மன்னிக்க நான் யார்? திருத்தங்கல் வரும்வரை நான் கையை விடவில்லை. உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கை கனக்கிறது. அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.