நான் போட மறுத்த சாட்சி

அன்புள்ள முன்கோபக்காரருக்கு,

பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் நம் சமாதான நீதவான்கள் சங்கத்தின் வரலாறு சண்டையில்தான் தொடங்குகிறது. அன்று ஊரிலிருந்த இரு நீதவான்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் தன் கையெழுத்துக்குத் தானே சாட்சி போட முடியாதே. தன் சொந்தப் பத்திரம் ஒன்று வந்ததும் ஒருவர் மற்றவர் வீட்டுக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துப் போனார். சங்கம் பிறந்துவிட்டது.

நேற்று நூலகத்தில், நம் சங்கத்தின் மேசையில், உங்கள் பத்திரத்துக்குச் சாட்சி போட மறுத்தேன். "இத்தன வருஷமா போட்ட கைக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று, நூலகமென்றும் பாராமல் கத்திவிட்டுப் போய்விட்டீர்கள்.

குடும்பத்தாருக்கு நாம் சாட்சி போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெங்குவின் பார்க்கப் போன இடத்தில் மோதிரத்தை நீட்டிக் கேட்டீர்களே, அதற்கு இதுதான் என் பதில்.

பத்திரத்தை நம் சங்கத்து வினிஃப்ரெட்டிடம் கொண்டுபோங்கள். மோதிரத்தை என்னிடம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
இனி உங்களுக்குச் சாட்சி போட முடியாதவள்