பாங்கு கேட்காத மஃரிப்

1934 நவம்பர் 4, ஞாயிறு

நேற்றுக் கண்டிக்குப் போனோம். எனக்குச் சேலை எடுக்க என்று பேர். மற்றவர்கள் கண்டிக்குப் போனால் வாவியைப் பார்ப்பார்கள். என் புருஷன் சாஹுல் ஹமீது அடுத்தவன் கடைச் சட்டியைத்தான் பார்ப்பார். ஒரு மலாய்க்காரரின் கடையில் மாட்டுக் குடல் கறி தின்றோம். திரைக்குப் பின்னால் எனக்கும் ஒரு கோப்பை வந்தது. இவர் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சி... ராம்பை எல... இன்னம் என்னமோ இரிக்கி" என்று முணுமுணுத்தார். இன்று காலையிலேயே குடல் வாங்கி வந்துவிட்டார். சேலை எடுக்க மறந்துபோனோம்.

கெலிஓயாச் சந்தியில் எங்கள் சோற்றுக் கடைக்கு வராத ஜாதி இல்லை. கண்டியில் சில கடைகளில் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வெளியே நிற்கவைத்து இலையில் போடுகிறார்கள். இங்கே எல்லாருக்கும் ஒரே பீங்கான் தட்டுதான். ஹேவாஹெட்டப் பக்கம் போகிற தோட்டத்து ஆட்களுக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். மாட்டுவண்டி ஓட்டுகிற சிங்களக் கரத்தைக்காரருக்குப் பிஞ்சுப் பலாக்காய் கறியும் கீரை மல்லுமும். ரயில் ஸ்டேஷன் கிளாக்கர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். அவருக்குத் தேங்காய்ப்பால் சொதி இல்லாவிட்டால் சோறு இறங்காது. "காக்கா, உங்கட சொதியைக் குடிச்சால் அம்மான்ர நினைவு வருது" என்று அவர் சொன்ன நாள் இவர் தரையிலேயே நடக்கவில்லை. சொதி வைத்தது நான். அதை யார் கேட்டார்கள்?

நவம்பர் 21, புதன்

மழை இல்லை. மகாவலி வற்றிப் பாறை தெரிகிறது. பாறைக் குழிகளில் நிற்கிற தண்ணீரெல்லாம் நுளம்புப் புழு, இரவெல்லாம் காதில் ரீங்காரமும் கடியும். கடைக்கு வருகிறவர்கள் சோறு கேட்பதில்லை, காய்ச்சல் வாயோடு கஞ்சி கேட்கிறார்கள். கரத்தைக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நடுங்கத் தொடங்கிவிட்டாராம். பீங்கான் விழுந்து உடைந்த சத்தம் குசினி அடுப்படி வரைக்கும் கேட்டது.

டிசம்பர் 8, சனி

பிறை கண்டாயிற்று. நாளை முதல் நோன்பு.

பிறை பார்த்த கையோடு ஊர்ப் பெரியவர் முஹைதீன் ஹாஜியார் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். "நோன்பு நாளையில பகல்ல அடுப்பு எரிக்கிற கட, முஸ்லிம்ட கடயா?" இவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். "காச்சல்ல விழுந்தவனுக்கும் கரத்தக்காரனுக்கும் யாரு ஹாஜியார் கஞ்சி குடுக்கிய? வாசலுக்குத் துணி கட்டுறன். ஆனா ஒண்டு, நான் ஒரு நோன்பும் விட மாட்டன். ஒண்டு கூட." பத்துப் பேர் கேட்கச் சொன்னார். அந்த வீறாப்பு எதற்கு? நோன்பு அல்லாஹ்வுக்கா, ஹாஜியாருக்கா?

டிசம்பர் 12, புதன்

நோன்பு காலத்தில் நாங்கள் உப்புப் பார்க்க முடியாது. அதனால் மாவிடிக்கிற பேச்சியம்மாக்காதான் எங்கள் நாக்கு. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது இறங்கி வந்து, ஆற்றோரம் தங்கை வீட்டில் இருக்கிறாள். சட்டிக்கு ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கி, "பத்தும்" அல்லது "பத்தாது" என்பாள். மறுபேச்சு இல்லை.

இன்று எல்லாச் சட்டிக்கும் "பத்தாது, பத்தாது" என்றாள். போட்டேன். பகல் சோற்றை எல்லாரும் துப்பிவிட்டார்கள். ராஜலிங்கம், "காக்கா, இண்டைக்குக் கடலையே ஊத்திப்போட்டியளோ?" என்றாராம். நான் உள்ளே வந்து அவளைக் கத்தினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனல். அவள் நாக்குக்கு எதுவும் உறைக்கவில்லை. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாள்.

என் வாயை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும்.

டிசம்பர் 17, திங்கள்

இவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. அடுப்படியிலேயே நடுங்கினார். மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. நோன்பை விடுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடையை மூடிவிட்டேன்.

டிசம்பர் 18, செவ்வாய்

அப்போதிக்கரி வந்து, மலேரியாக் காய்ச்சல்தான் என்று கொயினா மருந்து தந்தார். காய்ச்சல் பின்னேரம்தான் ஏறுகிறது. அதற்கு முன், பகலிலேயே கொடுக்க வேண்டும், வயிற்றிலும் ஏதாவது இருக்க வேண்டும். இரவில் மட்டும் கொடுத்தால் பிரயோசனம் இல்லை என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரே வீட்டில் மூன்று பேர் மௌத்தாகி அடக்கமாயிற்று என்றும் சொன்னார்.

பள்ளி லெப்பையைக் கூப்பிட்டேன். பாவம், அவரும் தடியை ஊன்றித்தான் வந்தார். "சாஹுல், நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திரிக்கான். சுகமான பொறகு விட்ட நோன்பப் புடிச்சி களாச் செய்ங்க. சுவர் இருந்தாத்தானே சித்திரம்" என்றார். இவர் சொன்னது: "அது மத்தவங்களுக்கு லெப்பை. பகல்ல சோறு வித்தவனுக்கு இல்ல."

லெப்பை போன பிறகு அழுதேன். காலில் விழுந்தேன். "ஒன்ன மாதிரி பொம்புளைக்கு வெளங்காது" என்றார். ஏன் விளங்காது? விதவையாவது எப்படி என்று எனக்கு நன்றாக விளங்குகிறது.

டிசம்பர் 20, வியாழன்

காலையில் மோதினார் மௌத்தாகிவிட்டார். லெப்பை படுக்கையில். பள்ளியில் இன்று பாங்கு சொல்ல ஆள் இல்லை.

பேச்சியம்மாக்கா மருந்து குடித்துக் கொஞ்சம் எழுந்து, கஞ்சி காய்ச்ச வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இவர் அறையில் ஜன்னல் சாத்தி, இடுக்கெல்லாம் துணி அடைத்திருக்கிறது, குளிருக்காக. எட்டிப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்: "தங்கச்சி, உள்ளுக்கு கும்மிருட்டா இருக்கு. ஐயாவுக்கு ராவும் தெரியல, பகலும் தெரியல. பொழுது சாஞ்சிருச்சுன்னு சொல்லிக் குடுத்துடுங்க."

"பாவம் இல்லையா அக்கா?"

"எங்க சாமிக்கு அது பாவமில்ல. உங்க சாமிய எனக்குத் தெரியாது. ஆனா ஐயா செத்துப்போனா, கஞ்சி குடிக்க வாரவங்க எங்க போவாங்க?"

பகல் திரும்பி, பின்னேரத் தொழுகை அசருக்குக்கூட நேரம் வரவில்லை. வெளியே வெயில் சுட்டெரிக்கிறது. நான் விளக்கைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனேன். "இஞ்சேருங்க, நோன்பு தொறக்கிற நேரம்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "பாங்கு கேக்கல்லியே?" என்றார். "மோதினார் மௌத்தாகிட்டாரு" என்றேன். அது மட்டும் உண்மை. பேரீச்சம்பழம் கொடுத்தேன். பிஸ்மி சொல்லி வாயில் போட்டார். கஞ்சி. பிறகு மருந்து. பிறகு படுத்தபடியே அந்திக்குரிய மஃரிப் தொழுகையைத் தொழுதார்.

அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நானும் நோன்போடுதான் நின்றேன். எந்த முகத்தோடு நோன்பு திறப்பது?

டிசம்பர் 21, வெள்ளி

இன்றும்.

டிசம்பர் 24, திங்கள்

காய்ச்சல் இறங்குகிறது. நேற்று ஏறவே இல்லை. கண்ணில் வெளிச்சம் வந்திருக்கிறது. கஞ்சியில் தேங்காய்ப்பால் போதாது என்றார். யா அல்லாஹ், குறை சொல்கிறார்! குசினிக்கு ஓடிவந்து பேச்சியம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். ஆனால் கை சுட்டது. வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லி அரிசி கட்டிக் கொடுத்தேன்.

இன்றும் விளக்கோடு போனேன். இன்னும் சில நாள் கொடுத்தால்தான் மருந்து முடியும்.

டிசம்பர் 29, சனி

பேச்சியம்மாக்கா போய்விட்டாள். தங்கை வந்து சொன்னாள். மருந்து குடித்தாளாம், ஆனால் நான் கொடுத்த அரிசியைத் தங்கை பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு கிடந்தாளாம். தூக்குவதற்கு ஆண்கள் இல்லை. ராஜலிங்கமும் இரண்டு போர்ட்டர்களும் போனார்கள்.

இந்த விளக்கு விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் இருந்தாள். இனி நான் மட்டும்.

மருந்து முடிந்துவிட்டது. இன்று விளக்கை உண்மையான மஃரிபுக்குத்தான் கொளுத்தினேன்.

1935 ஜனவரி 7, திங்கள் — பெருநாள்

வட்டிலப்பம் இல்லை. யாருக்குச் செய்வது? இந்தத் தெருவில் அடுப்புப் புகையாத வீடுகளே அதிகம்.

முஹைதீன் ஹாஜியார் வந்தார். மூத்த மகனைக் கப்ரில் வைத்துவிட்டு வந்தவர். பாதி ஆள்தான் மிச்சம். இவர் கையைப் பிடித்து, "நான் சொன்னத மன்னிச்சிடுங்க. அந்தக் காச்சல்லயும் ஒரு நோன்பு விடல்லியாம், லெப்பை சொன்னாரு" என்று அழுதார். இவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

நான் குசினியில் நின்று கேட்டேன். சொல்லாவிட்டால் அவர் களாச் செய்ய மாட்டார். முறிந்த நோன்பெல்லாம் கியாமத் தீர்ப்பு நாள் வரை அவர் கழுத்தில் கிடக்கும். சொன்னால்? ஒரு நோன்பும் விடவில்லை என்பது ஒன்றுதான் இந்த மனிதருக்கு மிச்சம். அதையும் நான் பிடுங்குவதா? உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்காகத்தானே காப்பாற்றினேன்?

ஜனவரி 12, சனி

இன்று சொல்வேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 14, திங்கள்

கடை திறந்தோம். ரொட்டி, சம்பல், கொஞ்சம் சொதி. வந்தவர்கள் எல்லாரும் எலும்பும் தோலும். உப்பை நானே பார்த்தேன்.

ஜனவரி 17, வியாழன்

விடியுமுன், நோன்பு வைக்கச் சாப்பிடும் ஸஹர் நேரத்தில் குசினியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். இவர் பழைய சோற்றுச் சட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன, பெருநாள் முடிஞ்சி புடிக்கிற ஆறு நோன்பா? ஒடம்பு தேறட்டுமே" என்றேன்.

"அது விருப்பத்துக்குப் புடிக்கிற சுன்னத்து. இது களா."

கையில் இருந்த விளக்கை வைத்துவிட்டேன். இவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் கெலிஓயாவுல பொறந்தவன் றலியா. பின்னேர ரயில் கோச்சி பொழுது சாய முந்தி போறதுன்னு தெரியாதா? மொத நாள் வெளங்கல்ல. ரெண்டாம் நாள் கஞ்சி குடிச்சி, தொழுது, படுத்த பொறகுதான் அந்தக் கோச்சி போச்சி."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

அணைந்த அடுப்பின் சாம்பலைக் கிண்டினார்.

"மௌத்துக்குப் பயந்தன்" என்றார். "ஒவ்வொரு நாளும் நீ வெளக்கோட வாறத்த எதிர்பாத்துக்கிட்டே இருந்தன்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் பீங்கானை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தின நாள்? எனக்கு ஞாபகம் இல்ல. ஒனக்குத்தான் தெரியும்."

சொன்னேன்.

"சோறு போடு, விடியப்போகுது" என்றார்.