பூசை போட்ட கக்கூஸ்

6-2-1961, திங்கள்

பயிற்சி தொடங்கிவிட்டது. உத்திரமேரூர் பிளாக் ஆபீஸின் பின்கட்டில், உர மூட்டைகளுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவில் ஆறு பேர் உட்கார்ந்தோம். செப்டிக் டாங்க் கக்கூஸ் கட்டும் பயிற்சி. சொல்லிக்கொடுக்கிறவர் ராஜாராம் சார், பட்டணத்திலிருந்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. இந்தப் பாடத்துக்கு இந்த உடுப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் காலையெல்லாம் பேசியும் விஷயத்தின் பெயரை மட்டும் வாயால் சொல்லவில்லை. "அது முதல் அறைக்குள்ள வரும். அது அடியில தங்கும். அதுல கொஞ்சம் மேல மிதக்கும்" என்றே போனது பாடம். என் பக்கத்தில் பஞ்சாட்சரம். நெல் மண்டிக்காரர் மகன், சந்தேகம் கேட்பதில் சூரன். எழுந்து நின்று, "எது சார்?" என்றான். சார் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பயிற்சி முடிவில் ஆறு பேரில் ஒருவனுக்கு சூப்பர்வைசர் வேலை. பிளாக் முழுக்க இந்த மாதிரி கக்கூஸ் கட்டும்போது கூட நின்று பார்க்கிற வேலை. எனக்கு அது வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷமாக மண்வெட்டிதான் பிடிக்கிறேன்.

8-2-1961

எங்கள் காவாந்தண்டலம் காலனியே சிரிக்கிறது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் கக்கூஸ் படிக்கப் போகிறானாம். ஊருக்குள் அதைவிட மோசம். அவர்களுக்கு இதில் சிரிப்புகூட வரவில்லை. பறையன் பிள்ளை கக்கூஸ் வேலைக்குப் போகிறான், இதில் என்ன விசேஷம் என்கிற முகம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் ஏர் பிடித்தவர்கள், களை பறித்தவர்கள். ஒருத்தரும் வாளி தூக்கியது இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் மனைவி ஜெயம்மாளிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: "சூப்பர்வைசர் வேலன்னா போ. உன் கையில வாளியக் குடுத்தாங்கன்னா அங்கியே வெச்சிட்டு வூட்டுக்கு வந்துடு. ஒரு தரம் தூக்கினீன்னா அப்பால நம்ம புள்ளைங்க வரிக்கும் அதான்."

எங்களுக்கு இன்னும் பிள்ளையே பிறக்கவில்லை. ஆனாலும் அவள் சொல்வது சரி.

9-2-1961

வகுப்பு இல்லை. சார் காஞ்சிபுரம் போயிருக்கிறார். பஞ்சாட்சரம் மட்டும் நோட்டில் இன்றைய தேதி போட்டு அடிக்கோடு இழுத்தான்.

13-2-1961, திங்கள்

செய்முறைப் பாடம். மாதிரிக் கக்கூஸ் ஒன்று கட்டவேண்டும். பக்கத்து ஊர் பிரசிடெண்ட் வீராசாமியின் வீட்டுத் தோட்டத்தில் கட்டுகிறோம். பெரிய வீட்டில் கட்டினால் பார்த்து மற்றவர்களும் கட்டுவார்கள் என்பது சர்க்கார் யோசனை.

குழி வெட்டினோம் என்று எழுத வந்தேன். திருத்திக்கொள்கிறேன். நானும் இரண்டு கூலி ஆட்களும் குழி வெட்டினோம். மற்ற ஐந்து பேர் டேப் பிடித்தார்கள். பஞ்சாட்சரம் ஒரு கையில் டேப், மறு கையில் கைக்குட்டை, அது மூக்கின் மேல். புதுக்குழி. ஈர மண் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. இப்போதே எதற்கு மூக்கைப் பொத்துகிறாய் என்று கேட்டேன். "பளகிக்கலாம்னு" என்றான்.

17-2-1961

பீங்கான் பேசினும் அதன் கீழ் வைக்கிற வளைவும் வந்து இறங்கின. வளைவை நானேதான் பதித்தேன். கொண்டை ஊசிபோல ஒரு வளைவு, அவ்வளவுதான். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே மூடி. நாற்றம் மேலே வராது, ஈ உள்ளே போகாது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் எல்லாம் தொட்டிக்குப் போய்விடும். தொட்டிக்குள் அது தானே மக்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் மறுபக்கம் வழிந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். யாரும் கையால் அள்ளவேண்டாம். தலையில் கூடை வேண்டாம்.

இதைக் கண்டுபிடித்தவன் எந்தத் தேசத்துக்காரனோ தெரியாது. அவனுக்கு ஒரு கும்பிடு. சாயங்காலம் செம்பு செம்பாக ஊற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

23-2-1961, வியாழன்

இன்று திறப்பு விழா.

பிரசிடெண்ட் பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் தள்ளி நேரம் குறித்திருந்தார். வாழைமரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம்கூட. ஐயர் வந்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக் கக்கூஸ் வாசலில் வைத்தார். பேசினுக்கு மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். கால் வைக்கிற இரண்டு மேடைக்கும் பூ. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். புது லாரிக்குச் செய்கிற மாதிரி எலுமிச்சம்பழம் வேறு. ராஜாராம் சாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் நான் வைக்கோல் போர்ப் பக்கம் நின்று பார்த்தேன். குழி வெட்டும்போது தோட்டம் முழுக்க நடந்தவன்தான். பூசை சமயத்தில் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா என்றுவிட்டார்கள். நான் பதித்த வளைவுக்கு அர்ச்சனை, எனக்கு வைக்கோல் போர்.

27-2-1961

ஒருவரும் போகவில்லை.

பிரசிடெண்ட் வீட்டில் பதினான்கு உருப்படி. அத்தனை பேரும் எப்போதும்போல ஏரிக்கரைக்கே செம்பு தூக்கிக்கொண்டு போகிறார்கள். கக்கூஸ் வாசலில் காலையில் கோலம், மாலையில் விளக்கு. சார் போய்க் கெஞ்சியிருக்கிறார். சாமி கும்பிட்ட இடம் சார், அவசரப்படாதீர்கள் என்றாராம் பிரசிடெண்ட். அவசரத்துக்காகத்தானே கட்டியது!

பிரசிடெண்ட் மனைவி ஆண்டாளம்மாள் முழங்கால் வலிக்காரி. வீட்டிலேயே கக்கூஸ் வரட்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டதே அவர்தான். இன்று நான் தொட்டி மூடியைப் பார்க்கப் போனபோது புழக்கடை வாசலில் நின்று கேட்டார்: "நீதானப்பா கட்ன? நல்லாத்தான் கீது. மஞ்ச குங்குமம் வெச்ச எடத்துல எப்டிப்பா போய் குந்தறது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே வரம் கொடுத்தது சர்க்கார், கொடுக்காமல் நிற்பது சாமி.

2-3-1961, வியாழன்

வரும் வாரம் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். தொட்டியில் 'அது' இல்லை. சாருக்குத் தூக்கம் இல்லை.

யாராவது ஒருவர் முதலில் போய்விட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுவிடும் என்றார். வகுப்பில் எல்லார் கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்மேல் வந்து உட்கார்ந்தது. பஞ்சாட்சரம்தான் தடுத்தான். அவனுக்கு என்மேல் இரக்கம் என்று நினைத்தால் நான் முட்டாள். "தானியேலு போனான்னா அப்பால அந்த வூட்டு ஜனம் சென்மத்துக்கும் போவாது சார்" என்றான்.

அதுவும் உண்மை. சாமி இருக்கிறதால் அவர்கள் போகமுடியாது. நான் போனால் சாமி போய்விடும், ஆனால் அவர்களும் வரமாட்டார்கள். ஒரு பக்கம் அவ்வளவு சுத்தம், இன்னொரு பக்கம் அவ்வளவு தீட்டு. நடுவில் என் வளைவு சும்மா காத்துக் கிடக்கிறது.

அப்படியானால் நீயே போயேன் என்று சார் பஞ்சாட்சரத்தைக் கேட்டார். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

வீட்டில் சொன்னேன். ஜெயம்மாள் சிரித்துச் சிரித்து அடுப்பை அணையவிட்டாள்.

7-3-1961

சார் கண்டுபிடித்த வழி: கிணற்றுத் தண்ணீர். தொட்டி மூடியைத் திறந்து குடம் குடமாக ஊற்றி நிரப்பச் சொன்னார். ஊற்றினேன். மறுபக்கம் வழிந்தது. டேப் பிடித்த ஐந்து பேரும் அது வழிவதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார்கள்.

10-3-1961, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார்; சத்தம் கேட்டதும் நான் தொட்டியில் இன்னும் நாலு குடம் ஊற்றிவிட்டேன். தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு தெளிவாகச் சுத்திகரித்த தண்ணீரைப் பார்த்ததில்லை என்றார். இதே அளவில் இன்னும் ஐம்பது கட்டலாம் என்றார். ராஜாராம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்குப் பாராட்டு.

பிறகு பிரசிடெண்ட் வீட்டில் விருந்து. கறி, வடை, பாயசம். நாங்கள் தோட்டத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அதிகாரி வேகமாக வந்தார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வாசல் கோலத்தை மிதித்து, விளக்கைத் தட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிரசிடெண்ட் வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். பெரிய அதிகாரியைப் போகாதே என்று எப்படிச் சொல்வது?

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மறுபடி சத்தம். பிறகு, "தண்ணி எறங்கலயே" என்று குரல். சார் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் மூன்றாவது செம்பும் ஊற்றிவிட்டார். கதவுக்கு அடியில் வழிந்து வந்தது. கோலத்தின் மேலேயே வந்தது. இந்த முறை கிணற்றுத் தண்ணீர் இல்லை.

அதிகாரி வெளியே வந்து கால்சட்டை நுனியைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். எல்லாரும் திரும்பினார்கள் — என் பக்கம். ஒருத்தர்கூடப் பாக்கி இல்லை. பஞ்சாட்சரம் ஓடிப்போய் ஒரு வாளி கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ராஜாராம் சார் மெதுவாகச் சொன்னார்: "தானியேல், கொஞ்சம் பாருப்பா."

கொஞ்சம் பாரு. எவ்வளவு சின்ன வார்த்தை. ஏன் நான்? வளைவைப் பதித்தவன் என்பதாலா? அப்படி நினைத்து ஒருத்தனும் என்னைப் பார்க்கவில்லையே!

வாளியைக் கீழே வைத்தேன். "சார், வளைவுல அடைச்சிக்கினா கையை வுட்டு எடுக்கணும்னு ஆறு பேருக்கும் ஒண்ணாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. குழி நான் வெட்னேன். வளைவு நான் வெச்சேன். தண்ணி நான் ஊத்தினேன். இது வேற யார்னா எடுக்கட்டும்."

பிரசிடெண்ட் ஒரு வசவு சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. பஞ்சாட்சரத்துக்கு அப்போதே காய்ச்சல் வந்துவிட்டது, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மற்றவர்கள் வேலியோரம் போனார்கள்.

ராஜாராம் சார் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. அப்போதுதான் முதன்முதலாக என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து கையை விட்டார். தோள்வரை விட்டார். எடுத்ததில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, பூசை அன்று உருண்டு விழுந்தது. கடகடவென்று எல்லாம் இறங்கியது.

வெளியே வந்தார். ஆண்டாளம்மாள் தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். சார் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமில்ல. பீதான்."

பயிற்சி தொடங்கியதிலிருந்து இன்றுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

14-3-1961

பெரிய ஆபீசரே போய்விட்டு வந்த இடம், சாமி அன்றைக்கே எழுந்து போயிருக்கும் என்று ஆண்டாளம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதல் ஆளாக அவரே போனார். இப்போது வீட்டில் காலையில் சண்டையாம், யார் முதலில் என்று. பிரசிடெண்ட் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருக்கிறார். வெளியாட்களில் ஜீப்பில் வருகிறவர்களுக்கு மட்டும் திறந்து காட்டுகிறார்.

20-3-1961

சூப்பர்வைசர் வேலை எனக்கு!

சந்தோஷத்தில் பாதியை உடனே கழித்துக்கொள்ளவேண்டும். கேட்டவன் நான் ஒருவன்தான். சாரே கையை விடும்படி ஆகிவிட்டதைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பஞ்சாட்சரம் அம்மாவைக் கேட்டானாம். மண்டியிலேயே உட்காரு என்றாளாம்.

ஆனாலும் வேலை வேலைதான். ஜெயம்மாள் என் சட்டையை இரண்டு தடவை துவைத்தாள்.

27-3-1961, திங்கள்

ஆபீஸில் இன்று ஒன்று பார்த்தேன். பியூன் எல்லாருக்கும் டீயைக் கையில் கொடுத்தான். ராஜாராம் சாருடையதை மட்டும் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். டம்ளரும் வேறு. குமாஸ்தாக்கள் மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவார்கள். சார் ஜன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். மெஸ்ஸில் புழக்கடைப் பக்கம் இலை போடுகிறார்களாம். வீட்டுக்காரர் மாதம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சார் தான் மாற்றல் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். ஈஸ்டர் அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள் என்றேன். சும்மா மரியாதைக்குக் கேட்டது. சரி என்றுவிட்டார்.

2-4-1961, ஞாயிறு

ஈஸ்டர். கோயிலிலிருந்து நாங்கள் திரும்பியபோது சார் காலனி முனையில் நின்றுகொண்டிருந்தார். பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம். ஊர்த்தெரு வழியாக நடந்தே வந்திருக்கிறார்.

ஜெயம்மாள் கோழி அடித்திருந்தாள். சார் சைவமோ என்று பயந்து தனியாகப் பருப்பும் வைத்திருந்தாள். சார் கோழியைத்தான் கேட்டார். சாப்பிடும் முன் கையைக் கழுவினார். உட்கார்ந்தவர் எழுந்து போய் மறுபடியும் கழுவினார்.

பாதிச் சாப்பாட்டில் நிறுத்திவிட்டு இலையையே பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார், குழந்தை முறையிடுகிற மாதிரி: "ஒரே ஒரு தரம்தானப்பா கைய விட்டேன்."

பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. குழம்புச் சட்டியோடு நின்ற ஜெயம்மாள்தான் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"நாங்க ஒரு தரம்கூட வுடல சார்."

சார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் குனிந்து இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.