ராயக்கோட்டைக்கு ஒரு கல்லூரி

ராயக்கோட்டை,
12.2.1954

அன்புள்ள பெருமாளுக்கு,

சென்றாயன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீ பல்கலைக்கழக சிண்டிகேட்டில் உறுப்பினரானதைப் பேப்பரில்தான் பார்த்தேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன், எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

எங்கள் ஊரில் இண்டர்மீடியட் கல்லூரிக்கு நிலம் சேர்த்துவிட்டோம். நான்தான் குழுச் செயலாளர். மகள் சென்னம்மாள் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். சேலம் கல்லூரி விடுதிக்கு அனுப்ப அவள் அம்மா மங்கம்மா சம்மதிக்கவில்லை. "ஏம்ப்பா, நம்மூருக்கே காலேஜு வந்துட்டா அம்மா ஒண்ணும் சொல்லாதில்ல?" என்று தினமும் கேட்கிறாள். "வந்துரும் கண்ணு" என்றிருக்கிறேன். அனுமதி தருவதற்கு முன் பார்வையிட வரும் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் நீயே வருகிறாயாம். வயிற்றில் பால் வார்த்தாய்.

உன்,
சென்றாயன்

3.6.1954

அன்புள்ள சென்றாயா,

வேறு யாரும் சொல்லி நீ அறியக் கூடாது. அனுமதி கிடைக்கவில்லை. அறிக்கை எழுதியவன் நான்தான். கொட்டகையில் வகுப்பு, ஒற்றை அலமாரியில் நூலகம், ரசாயனத்துக்கு ஆசிரியரே இல்லை. பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் அது பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டும் வைத்தது. சரியாகப் படிக்க இடமில்லாமல் எழுதித் தோற்றவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் இத்தனை விதிகள்.

ஒரு வருஷம் அவகாசம் கேட்கலாம் என்றிருந்தேன். "உங்கள் நண்பர் ஊராயிற்றே" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அதன் பிறகு நான் பேசுவது முறையா, நீயே சொல்.

பெருமாள்

ராயக்கோட்டை,
20.9.1954

பெருமாளுக்கு,

ஆவணியில் சென்னம்மாளுக்குக் கல்யாணம் முடிந்தது. ஜவளகிரியில் காட்டோரம் ராகி விளைவிக்கிற குடும்பம். உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கிளம்பும்போது அவள் அழவில்லை. "புஸ்தகத்த எல்லாம் யாருக்காச்சும் குடுத்துருங்கப்பா, அங்க எதுக்கு" என்றாள்.

நீ எழுதிய குறைகள் அத்தனையும் உண்மை. ஆனால் அந்த ஒரு வருஷத்தைக் கேட்டிருந்தால் நாங்கள் கட்டி முடித்திருப்போம். அதைச் சொல்லி மங்கம்மாவின் கல்யாணப் பேச்சையும் நிறுத்தி வைத்திருப்பேன்.

சென்றாயன்

8.1.1956

அன்புள்ள சென்றாயா,

கல்யாணச் செய்திக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் இல்லை. கட்டடம் எழுப்பி மறுபடி விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். இம்முறையும் நான்தான் வருகிறேன். யார் சிரித்தாலும் சரி, அனுமதி வாங்கித் தருவேன். உன் வீட்டில்தான் தங்குவேன். தங்கச்சி மங்கம்மாவிடம் சொல். சென்னம்மாள் எப்படி இருக்கிறாள்?

உன் பெருமாள்

ராயக்கோட்டை,
19.1.1956

பெருமதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆய்வுக் குழுவினரை எங்கள் குழுத் தலைவர் நாராயணப்பன் ஸ்டேஷனில் வரவேற்பார். பயணியர் விடுதியில் தங்க ஏற்பாடு செய்துள்ளோம். நூலகமும் ஆய்வுக்கூடமும் விதிப்படி தயார். அன்று நான் ஊரில் இருக்க மாட்டேன்.

தாங்கள் விசாரித்த சென்னம்மாளுக்கு ஆண் குழந்தை. கடிதம் போட்டால் பதில் எழுதுவதில்லை. "எழுத்தெல்லாம் மறந்துபோச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க" என்று ஆளிடம் சொல்லி அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
ஆ. சென்றாயன்,
செயலாளர், கல்லூரி அமைப்புக் குழு