‘கீ’ என்று நின்ற வரி

நவம்பர் 3, 2025
பகலவன் அண்ணனின் புது நாவல், பதினோராம் அத்தியாயம் டைப் அடித்தேன். பக்கத்துக்கு இருபது ‘கீது’. பள்ளிக்கூடத்தில் ‘கீது’ என்றால் டீச்சர் ஸ்கேலை எடுப்பார். இன்றுவரை என் வாயில் அது வந்ததில்லை. ஒன்றிரண்டை ‘இருக்கிறது’ ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்? போன் போட்டுக் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தாராம். சிரித்தார். “த பாரு ரிஃபானா, ‘இருக்கிறது’ன்னா எங்கியோ இருக்குது. ‘கீது’ன்னாதான் கைக்கிட்ட கீது. தொடாத.”

நவம்பர் 4
அண்ணன் போய்விட்டார். நேற்று மதியமே. மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயசு.

நவம்பர் 5
எழுத முடியவில்லை.

நவம்பர் 9
கொருக்குப்பேட்டைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. இங்கே காத்துக் கிடந்த நேரத்தில்தான் பாதி நாவலை எழுதினேன் என்பார். எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பைக் டாங்கில் உட்கார்ந்த ஒரு பாப்பா மட்டும் கூட்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அவர் பார்க்காத ஊர் எதற்கு அழகாக இருக்க வேண்டும்?

அவர் மனைவி மதி அக்கா கடைசி நோட்டைக் கொடுத்தார். கடைசி வரி: ‘நானு இன்னும் கீ’. அவ்வளவுதான்.

“நீ போன் பண்ணசொல்ல, அப்பதான் பேனாவ வச்சாரு. பேசிட்டு சாப்ட ஒக்காந்தாரு. அப்பால எழுந்துக்கவே இல்ல.”

அக்கா குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான்தானே? ஒரு சொல்லைத் திருத்தக் கூப்பிட்டு, அவரோட கடைசிச் சொல்லையே அறுத்துட்டேனே. யா அல்லாஹ், ஒரே ஒரு நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

நவம்பர் 14
பதிப்பாளர் போன். “‘இருக்கிறேன்’னு போட்டு முடிச்சிடுங்கம்மா, அச்சுக்குப் போகணும்.”

‘கீறேன்’ என்று போடலாம். ஆனால் அது என் கை. ‘கீழே’ என்றுகூட எழுத வந்திருக்கலாம். யாரிடம் கேட்பது? விரல் தானாக அவர் நம்பருக்குப் போகிறது. சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கிறேன், உடனே மூடிவிடுகிறேன். இத்தனை எழுதிய மனுஷனுக்கே ஒரு சொல் முடிக்க நேரம் இல்லை என்றால், நானெல்லாம் எதற்கு — ஒன்றும் வேண்டாம். ஒன்றுமே வேண்டாம்.

நவம்பர் 21
‘நானு இன்னும் கீ’. புள்ளிகூட வைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். பதிப்பாளர் கத்தினார். கத்தட்டும்.

சாயங்காலம் மதி அக்கா போன். “இன்னா ரிஃபானா, ஆளையே காணோம்? கீறியா?”

“கீறேன்க்கா” என்றேன்.